இங்க் ஏன் ஒட்ட மாட்டேங்குது? அச்சு வேலை பத்தி வாசகர் கேள்வி பதில்

அச்சு வேலை சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் எழுதுங்கனு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் உக்காந்து படிச்சா முக்கால்வாசி பேர் ஒரே குறையைத்தான் வேற வேற மாதிரி சொல்லியிருக்காங்க. காசு கொடுத்து அடிச்சோம், உரிஞ்சு வருது, துவைச்சா போயிடுது, கலர் மாறிடுச்சு. இதுல நிறைய இடத்துல டிசைன் நல்லாத்தான் இருக்கு, மெஷினும் நல்ல மெஷின்தான், ஆனா எது மேல அடிக்கப் போறோம்ங்கற கேள்வியை கஸ்டமரும் சொல்லல, கடைக்காரரும் கேக்கல. காகிதம் இங்க்கை உறிஞ்சும், பாலிதீன் உறிஞ்சாது, பாலியஸ்டர் துணி சூட்டுல தன் சாயத்தையே கக்கும், ஸ்டீல் எதையும் உள்ள விடாது. ஒவ்வொண்ணுக்கும் வழி தனி. அதனால இந்த மாசம் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வீட்டுலயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைச்சு விக்கறேன். மொத்தக் கடையில பாலிதீன் கவர் வாங்கி, தெரிஞ்ச ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில பேர் போட்டு வாங்கினேன். கவரைக் கசக்கினாலே எழுத்து உதிருது. மட்டமான இங்க்கைப் போட்டு ஏமாத்திட்டாங்களா? (ஈரோடு வாசகி)

ஏமாத்திட்டாங்கனு உடனே முடிவு பண்ணிடாதீங்கம்மா. நீங்க வாங்கினது மளிகைக் கடையில சாமான் கட்டற சாதா கவர், அச்சடிக்கறதுக்குனு செஞ்ச கவரே இல்ல. அது மேல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, தாமரை இலையில நிக்கற மாதிரி உருண்டு நிக்கும். தண்ணி பரவாத இடத்துல இங்க்கும் சரியா பரவாது, பரவலைன்னா பிடிமானம் கிடையாது, மேலாக்க காஞ்சு ஒரு படலமா நிக்கும், கவரைக் கசக்கினதும் அந்தப் படலம் உடைஞ்சு உதிரும்.

இந்தப் பரவுற குணத்தை டைன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க. சாதா பாலிதீன் சுமாரா 31 டைன் இருக்கும், அச்சு பிடிக்கணும்னா குறைஞ்சது 38 வேணும். அதுக்காகத்தான் ஃபிலிம் தயாராகி வர்றப்பவே ஃபேக்டரியில கொரோனா ட்ரீட்மென்ட் கொடுக்கறாங்க. நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஃபிலிம் ஒரு உருளை மேல ஓடும்போது அதுக்குப் பக்கத்துல உயர் மின்னழுத்தத்துல மின்சாரத்தைப் பாய்ச்சி காத்தையே பொறி விட வைக்கறது, அவ்வளவுதான். அதுல ஃபிலிமோட மேல்தோல்ல ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கும், அது வந்ததும் இங்க் பிடிக்கும். அந்த மெஷின் ஓடற இடத்துல நின்னீங்கன்னா ஓசோன் வாசனை மூக்குல ஏறும். கண்ணால பார்த்தா ட்ரீட் பண்ண ஃபிலிமுக்கும் பண்ணாததுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதனாலதான் இவ்வளவு குழப்பம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன். ட்ரீட் பண்ண கவராவே இருந்தாலும் அந்த சக்தி நாளாக ஆக இறங்கும். கவர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம வழுக்கி வரணும்னு ஃபிலிமுக்குள்ள ஒரு வழுவழுப்புப் பொருள் சேர்ப்பாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா மேல கசிஞ்சு வந்து படிஞ்சிடும். பல மாசமா குடோன்ல கிடந்த பழைய ஸ்டாக்கை மலிவா கிடைக்குதுன்னு வாங்கி அச்சுக்குக் கொடுத்தா நல்ல இங்க்கும் நிக்காது. அதே மாதிரி பிவிசி மேல அடிக்கற இங்க்கை பாலிதீன் மேல அடிச்சாலும் உரியும், கடைக்காரர்கிட்ட இது பாலிதீன் இங்க்தானானு வாயைத் திறந்து கேட்டுடுங்க.

அடுத்த தடவை இப்படிப் பண்ணுங்க. கவர் வாங்கும்போதே "பிரிண்டிங்குக்கு, ட்ரீட் பண்ணது வேணும், எந்தப் பக்கம் ட்ரீட்"னு கேட்டு வாங்குங்க. அதுல பத்து கவரை மட்டும் முதல்ல அடிச்சுத் தரச் சொல்லுங்க. ஒரு நாள் நல்லா காய விட்டுட்டு, எழுத்து மேல செல்லோடேப்பை ஒட்டி, நகத்தால அழுத்தித் தேச்சு, ஒரே இழுப்பா இழுங்க. டேப்போட எழுத்து வந்துச்சுன்னா மொத்த ஆர்டரைக் கொடுக்காதீங்க. பெரிய பேக்கேஜிங் கம்பெனிகளும் இதே டேப் சோதனையைத்தான் பண்றாங்க.

அச்சு எப்பவும் கவரோட வெளிப்பக்கம்தான் இருக்கணும், பொடி படற பக்கம் இங்க் வரவே கூடாது. சிப்ஸ் பாக்கெட்டை நகத்தால சுரண்டினா கலர் வராது, கவனிச்சிருப்பீங்க. அங்க வெளிய தெரியற கண்ணாடி ஃபிலிமோட உள்பக்கத்துல படத்தைத் தலைகீழா அடிச்சு, அதுக்குப் பின்னாடி இன்னொரு ஃபிலிமை ஒட்டிடறாங்க. இங்க் ரெண்டு ஃபிலிமுக்கும் நடுவுல பூட்டிக் கிடக்கும், கையிலயும் படாது, தின்பண்டத்துலயும் படாது. அந்த வேலை பெரும்பாலும் கிராவூர் முறையில நடக்கறது, செம்பு பூசின உருளையில நுணுக்கமா குழி வெட்டி, மேல குரோமியம் பூசி, குழியில நிக்கற இங்க்கை ஃபிலிம் மேல எடுக்கறது. ஒவ்வொரு கலருக்கும் தனி உருளை வெட்டணும், அந்தச் செலவு லட்சக்கணக்குல பாக்கெட் அடிக்கறவங்களுக்குத்தான் கட்டும். உங்க அளவுக்கு நல்ல ஸ்டிக்கர் லேபிள் அடிச்சு ப்ளெயின் பவுச் மேல ஒட்டறதே போதும், லேபிள்ல அச்சு தனியா நடக்கறதால கவரோட குணம் உங்களைத் தொந்தரவு பண்ணாது. வியாபாரம் பெருகினப்புறம் பவுச்சுக்குப் போங்க.

கேள்வி: காலையில பேப்பர் படிச்சா கையெல்லாம் கருப்பாகுது, வாரப் பத்திரிகை படிச்சா ஆகறதில்ல. ஏன்? (மயிலாடுதுறை வாசகர்)

நாளிதழ் இங்க் காயறதே இல்லங்க. எண்ணெயில குழைச்ச கரி அது, நியூஸ்பிரிண்ட் தாள் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கும், கரி நாருக்கு நடுவுல மேலாக்க தங்கிடும், விரல் பட்டா வந்துடும். மணிக்கு பல ஆயிரம் பிரதி ஓடற மெஷின்ல காய வைக்க நேரமும் இல்ல, அந்த மாதிரி மெஷின்ல அடுப்பும் இல்ல. வழவழ தாள்ல அடிக்கற பத்திரிகைகள்ல பல, இங்க்கை சூடான காத்துல காய வைச்சோ காத்துலயே இறுக விட்டோ அடிக்கறது, அதனால கையில ஒட்டாது.

இதைக் கேட்டதால ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், பஜ்ஜியையும் வடையையும் நியூஸ்பேப்பர்ல வைச்சுத் தின்னாதீங்க. சூடான எண்ணெய் பட்டா காயாத அந்த இங்க் அப்படியே கரைஞ்சு பலகாரத்துல ஏறும். 2018-ல வந்த உணவு பேக்கேஜிங் விதிகள்லயே நாளிதழ்ல உணவைப் பொதியக் கூடாதுனு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிடுச்சு. டீக்கடையில வாழை இலைத் துண்டு கேளுங்க, இல்லைன்னா கையிலயே வாங்கிச் சாப்பிடுங்க.

கேள்வி: திருப்பூர்ல சின்னதா டி-ஷர்ட் பிரிண்டிங் ஆரம்பிச்சிருக்கேன் அண்ணே. கபடி டீமுக்கு சிவப்பு பாலியஸ்டர் டி-ஷர்ட் மேல வெள்ளை எழுத்து போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது பளிச்சுனு வெள்ளையா இருந்துச்சு, ஒரு வாரத்துல ரோஸ் கலராயிடுச்சு, காசு தர மாட்டேங்கறாங்க. காட்டன்ல இதே இங்க் ஒண்ணும் ஆகலையே? (திருப்பூர் வாசகர்)

தம்பி, இதைத் தொழில்ல டை மைக்ரேஷன், அதாவது சாயம் இடம் மாறறதுனு சொல்லுவாங்க, பாலியஸ்டர்ல வேலை செய்யற எல்லாரும் என்னைக்காவது ஒரு நாள் பார்க்கற பிரச்சனை. பாலியஸ்டருக்கு சாயம் ஏத்தறது டிஸ்பர்ஸ் டைங்கற வகை, அதுக்கு ஒரு குணம் இருக்கு, சூடு ஏறினா உருகாம நேரா ஆவியாயிடும். நீங்க பிளாஸ்டிசால்ங்கற பிவிசி இங்க்கை அடிச்சு 160 டிகிரியில க்யூர் பண்ணும்போது, அதாவது சூட்டுல இறுக வைக்கும்போது, துணிக்குள்ள இருந்த சிவப்பு ஆவியாகி வெள்ளை இங்க்குக்குள்ள ஏறிடுச்சு. பிளாஸ்டிசால்ல பிவிசியோட, அதை வளைஞ்சு கொடுக்க வைக்கற பிளாஸ்டிசைசர் எண்ணெயும் இருக்கு, அந்த எண்ணெய் சாயத்தை நல்லா இழுக்கும், அதனாலதான் மெஷின்ல இருந்து வர்றப்ப வெள்ளையா இருந்தது, மூட்டையில கட்டி வைச்ச நாலு நாள்ல மெதுவா ரோஸ் ஆகுது. காட்டனுக்குப் போடறது பெரும்பாலும் ரியாக்டிவ் டை, அது நூலோட வேதியியலாவே பிணைஞ்சு கிடக்கும், சூட்டுக்கு எழும்பாது.

என்ன பண்ணலாம்னா, முதல்ல சாம்பல் இல்லைன்னா கருப்பு நிறத்துல பிளாக்கர் பேஸ் ஒண்ணு அடிங்க. அதுல கரி இருக்கும், ஏறி வர்ற சாயத்தை அது பிடிச்சு வைச்சுக்கும், அது மேல வெள்ளையை அடிங்க. இங்க்கும் லோ-க்யூர் வகையா வாங்குங்க, 130 டிகிரிக்குப் பக்கத்துலயே இறுகற வகை வருது. கன்வேயர் ட்ரையர்ல மீட்டர் காட்டற சூட்டை நம்பாதீங்க, துணி மேல நேரடியா டெம்பரேச்சர் ஸ்ட்ரிப் ஒட்டி ஓட்டிப் பாருங்க, மீட்டர் ஒண்ணு சொல்லும் துணி வேற சொல்லும். எல்லாத்தையும் விட முக்கியம், அந்த ரோல் துணியில ஒரு பீஸை அடிச்சு ரெண்டு நாள் வெயிட் வைச்சு மடிச்சு வைச்சிருந்து பார்த்துட்டு அப்புறம் மொத்தத்தையும் போடுங்க. சிவப்பும் மெரூனும்தான் ரொம்பப் படுத்தும், எல்லா சாயப்பட்டறைக்காரரும் ஒரே மாதிரி சாயம் போடறதில்ல, போன தடவை நல்லா வந்துச்சேங்கறதை வைச்சு இந்தத் தடவையும் வரும்னு நினைக்காதீங்க.

நீங்க கேக்கல, ஆனா புதுசா ஆரம்பிச்சிருக்கறதால சொல்றேன். விளையாட்டு ஜெர்சி ஆர்டர் அடிக்கடி வந்தா சப்ளிமேஷனுக்கு மாறிடுங்க. உங்களுக்குக் கெடுதல் பண்ண அதே ஆவியாகற குணத்தைத்தான் அங்க வேலைக்கு வைச்சிருக்காங்க. சாயத்தைக் காகிதத்துல அடிச்சு, வெள்ளைப் பாலியஸ்டர் மேல வைச்சு, 190, 200 டிகிரியில ஒரு நிமிஷம் போல அழுத்தினா சாயம் ஆவியாகி நூலுக்குள்ளயே போயிடும். கையால தடவினா அச்சு இருக்கறதே தெரியாது, துணி கிழியற வரைக்கும் போகாது, கிராக் விடாது. ஆனா இதுல வெள்ளை இங்க்னு ஒண்ணு கிடையவே கிடையாது, துணியோட வெள்ளைதான் வெள்ளை. அதனால சிவப்பு ஜெர்சி வேணும்னா வெள்ளைத் துணியை எடுத்து சிவப்பையும் நாமதான் அடிக்கணும், எழுத்து இருக்கற இடத்தை மட்டும் விட்டுட்டு. காட்டன்ல இந்த வேலை நடக்காது, அந்தச் சாயம் பருத்தி நூலுக்குள்ள தங்காது, ஒரு சலவையில வெளுத்துடும்.

காட்டனுக்கு நூறு பீஸுக்கு மேல ஆர்டர்னா ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் இன்னும் ராஜா. ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன், அதாவது டிசைன் இருக்கற இடத்துல மட்டும் இங்க்கை விடற வலைச் சட்டம், தயார் பண்ணணும், அந்தச் செலவு பத்து பீஸுக்கும் அதேதான் ஆயிரம் பீஸுக்கும் அதேதான். கருப்பு காட்டன்ல மெத்துனு வேணும், கையில பிளாஸ்டிக் மாதிரி தட்டக் கூடாதுனு கேக்கறவங்களுக்கு டிஸ்சார்ஜ் போடுங்க, அது துணியோட சாயத்தை எடுத்துட்டு அந்த இடத்துல புது நிறத்தை வைக்கற முறை, க்யூர் பண்ணும்போது வாசனை மூச்சை அடைக்கும், காத்தோட்டம் இல்லாத ஷெட்ல தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அடிச்ச துணியையும் ஒரு தடவை அலசிட்டுத்தான் கஸ்டமருக்குக் கொடுக்கணும். பத்து பீஸ், இருபது பீஸ், போட்டோ மாதிரி நிறைய கலர்னு வந்தா டிடிஎஃப் நல்லா கை கொடுக்கும். ஃபிலிம்ல அடிச்சு, ஒட்டுப் பொடி தூவி உருக்கி, துணி மேல ஹீட் பிரஸ் பண்றது, காட்டன் பாலியஸ்டர் ரெண்டுலயும் உக்காரும். பெரிய படத்தை நெஞ்சு முழுக்க அடிச்சா மட்டும் காத்துப் போகாது, வேர்வை பிடிக்கும், சம்மர்ல போடறவன் திட்டுவான். அதையும் கஸ்டமர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அந்தக் கபடி டீமுக்கு புதுசா அடிச்சுக் கொடுத்துடுங்க தம்பி, நாலு ஊருக்கு போட்டு விளையாடப் போற டி-ஷர்ட் அது.

கேள்வி: வளைகாப்புக்கு மஞ்சத் துணித் தாம்பூலப் பை அடிச்சோம். வெத்தலை ஈரம் பட்டு சிவப்பு எழுத்து தேங்காய்லயும் பழத்துலயும் ஒட்டிக்கிச்சு. (காரைக்குடி வாசகி)

துணிக்கு அடிக்கற பிக்மென்ட் இங்க்ல நிறத்தூள் தனியா, அதைப் பிடிச்சு வைக்கற பைண்டர் தனியா. பைண்டர் இறுகணும்னா 150 டிகிரி போல சூடு காட்டணும். உங்களுக்கு அடிச்சவங்க வெயில்ல கொடியில போட்டு காய வைச்சுக் கொடுத்திருப்பாங்க, தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஈரம் பட்டதும் கரையும். மிச்சம் பை இருந்தா எழுத்து மேல ஒரு வெள்ளைத் துணியை வைச்சு, இஸ்திரிப் பெட்டியை காட்டன் சூட்டுல வைச்சு, ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, ஓரளவு நின்னுடும். மஞ்சள் நிறமும் சேர்ந்து இறங்குச்சுன்னா அது துணிக்கு ஏத்தின சாயத்தோட கோளாறு, அதை ஒண்ணும் பண்ண முடியாது.

அதுக்காக நான்-ஓவன் பைக்கு மட்டும் போயிடாதீங்க. பார்க்க துணி மாதிரி இருக்கே தவிர அது பாலிப்ரொப்பிலீன், 2019 ஜனவரியில இருந்து தமிழ்நாட்டுல தடை செஞ்ச பட்டியல்ல இருக்கு. துணிப் பை வாங்கினவங்க வீட்டுல பத்து வருஷம் காய்கறிக்குப் போகும், எழுத்து சரியா பிடிச்சிருந்தா அத்தனை வருஷமும் உங்க வீட்டு விசேஷத்து பேர் சந்தைக்குப் போயிட்டு வரும்.

கேள்வி: பையன் கல்யாணப் பத்திரிகையை கம்ப்யூட்டர்ல பார்த்து ஓகே பண்ணோம். பளபளனு அரக்கு கலர், தங்க எழுத்து. அடிச்சு வந்தா அரக்கு மங்கிப் போய் பிரவுன் மாதிரி இருக்கு, தங்கம் மஞ்சளா இருக்கு. (மதுரை வாசகர்)

கம்ப்யூட்டர் திரையில தெரியறது வெளிச்சம் சார், தாள்ல தெரியறது இங்க் பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம். சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்புனு நாலு இங்க்கை சின்னச் சின்ன புள்ளியா கலந்து காட்டற அரக்கு, எல்இடி திரையில மின்னற அரக்கு மாதிரி வரவே வராது. உங்க பத்திரிகை வழவழ ஆர்ட் பேப்பரா, இல்ல சொரசொரனு இருக்கற ஹேண்ட்மேட் தாளானு நீங்க எழுதல, எனக்கென்னமோ ரெண்டாவதுன்னு தோணுது. ஆர்ட் பேப்பர் மேல மெல்லிசா களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் பூசியிருப்பாங்க, இங்க் அது மேலயே நின்னு பளிச்சுனு தெரியும். பூச்சு இல்லாத தாள்ல இங்க் நாருக்குள்ள இறங்கிடும், புள்ளி ஒவ்வொண்ணும் பரந்து பெருசாகும், நிறம் மங்கி இருட்டும். கம்ப்யூட்டர்லயே அதைக் கணக்குப் பண்ணி புள்ளியைச் சின்னதாக்கிக் கொடுத்திருக்கணும்.

தங்கத்துக்கு நாலு கலர்ல வழியே இல்ல, அது மஞ்சளும் பிரவுனும் கலந்த ஒண்ணாத்தான் வரும். தங்கமா மின்னணும்னா ஃபாயில் போடணும், உலோக அச்சுக் கட்டையை சூடாக்கி ஃபாயிலை தாள் மேல அழுத்தி ஒட்டறது. அதுவும் வழவழப்பான தாள்ல ஓரம் கத்தி மாதிரி சுத்தமா நிக்கும், ஹேண்ட்மேட் தாள்ல பள்ளம் இருக்கற இடத்துல எல்லாம் பொத்தல் விழும். சொரசொரத் தாள்தான் வேணும்னா ஸ்க்ரீன் பிரிண்டிங்ல கோல்டு இங்க் தடிமனா போடச் சொல்லுங்க, ஃபாயில் அளவு மின்னாது, ஆனா தாளுக்குப் பொருத்தமா கண்ணுக்கு நல்லா இருக்கும்.

அந்த மாதிரி தாள்ல இன்னொண்ணு பாருங்க, நம்ம எழுத்துல புள்ளி சின்னது. பெயர்ப் பட்டியலை இடம் போதலைனு பொடி எழுத்துல போடுவாங்க, இங்க் பரவி மெய்யெழுத்துப் புள்ளி பக்கத்துக் கோட்டோட ஒட்டிடும், இல்லைன்னா ஸ்க்ரீன் வலையில அடைச்சுக்கிட்டு விழாமலே போகும், தாய்மாமன் பேரே வேற பேராயிடும். ப்ரூஃப் பார்க்கும்போது மொபைல்ல பெருசாக்கிப் பார்க்காதீங்க, அதே தாள்ல அதே அளவுல ஒரு காப்பி அடிச்சுத் தரச் சொல்லி கையில வைச்சு ஒவ்வொரு பேரையும் படிங்க.

லேமினேஷன் பண்ண பத்திரிகை பார்க்க அழகுதான், ஆனா அது மேல இருக்கறது பிளாஸ்டிக் ஃபிலிம். மூலையில மஞ்சள் தடவினா உள்ள இறங்காது, காஞ்சதும் கொட்டிடும். அழைக்கப் போற வீட்டு வாசல்ல உக்காந்து கவர்ல பேர் எழுதறோமே, அந்தக் கவரும் லேமினேட் பண்ணதா இருந்தா பால்பாயிண்ட் பேனா வழுக்கும். பெரியவங்க இருக்கற வீட்டுல இது ரெண்டும் மனசு கஷ்டப்படற விஷயம், லேமினேஷன் வேண்டாம்னோ மூலையை விட்டுட்டுப் பண்ணுங்கனோ முதல்லயே சொல்லிடுங்க.

கேள்வி: ஐயா, நான் பிரிண்டிங் டெக்னாலஜி டிப்ளமா முதல் வருஷம். ஆஃப்செட் பிளேட்ல எழுத்து மேடாவும் இல்ல பள்ளமாவும் இல்ல, சமமா இருக்கு. அப்புறம் எப்படி எழுத்துல மட்டும் இங்க் ஒட்டுது? பிளேட்டுக்கும் தாளுக்கும் நடுவுல எதுக்கு ஒரு ரப்பர் உருளை? (சிவகாசி வாசகர்)

இந்தக் கேள்விதான் இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. எண்ணெயும் தண்ணியும் சேராதுங்கற ஒண்ணை வைச்சு நடக்கற தொழில் இது. பிளேட் அலுமினியத் தகடு, அதைப் பொடியா சொரசொரப்பாக்கி வைச்சிருப்பாங்க, அந்த இடம் தண்ணியைப் பிடிச்சு வைச்சுக்கும். எழுத்து இருக்கற இடத்துல ஒரு பாலிமர் பூச்சு நிக்கும், அது தண்ணியைத் தள்ளிட்டு எண்ணெயை ஏத்துக்கும். மெஷின்ல பிளேட் சுத்தும்போது முதல்ல தண்ணி உருளை தடவும், வெத்து இடமெல்லாம் நனையும், அப்புறம் இங்க் உருளை தடவும், நனைஞ்ச இடத்துல இங்க் ஏறாது, எழுத்துல மட்டும் ஏறும். அந்தத் தண்ணியும் வெறும் தண்ணி இல்ல, லேசா அமிலம் சேர்ந்தது, பிஎச் 5-ஐ ஒட்டி வைச்சிருப்பாங்க. தண்ணி குறைஞ்சா வெத்து இடத்துலயும் கறை விழும், அதிகமானா கலர் வெளுத்துப் போகும். நல்ல மெஷின்மேன் யாருன்னா இந்தத் தண்ணியையும் இங்க்கையும் கண்ணால பார்த்தே சரிக்கட்டத் தெரிஞ்சவர்தான், அப்படி ஒருத்தர் கிட்ட நின்னு கத்துக்கிற வாய்ப்பு கிடைச்சா விட்டுடாதீங்க.

இதைக் கண்டுபிடிச்சவர் ஜெர்மனியில பவேரியாவைச் சேர்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர், 1796 வாக்குல. அவர் உபயோகிச்சது சுண்ணாம்புக் கல், இந்த முறைக்கு லித்தோனு பேர் வந்ததே கல்லுல இருந்துதான். அந்தக் கல்லுல இருந்து நேரா காகிதத்துக்கு அடிச்சாங்க, காகிதம் மெத்துனு இருந்ததால கல்லோட சேர்ந்து அழுந்தி இங்க்கை வாங்கிக்கிச்சு. டின் தகடுல அடிக்கணும்னு வந்தப்பதான் சிக்கல். கல்லும் கடினம், தகடும் கடினம், ரெண்டும் எல்லா இடத்துலயும் ஒண்ணோட ஒண்ணு படியாது. 1875-ல இங்கிலாந்துல ராபர்ட் பார்க்லேங்கறவர் நடுவுல மெத்தையா ஒரு உருளையை வைச்சாரு, கல்லுல இருந்து அந்த உருளைக்கு, அங்கிருந்து தகட்டுக்கு. உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில் அங்கயே வந்துடுச்சு பாருங்க, நடுவுல வர்ற உருளை முதல்ல காகிதத்துக்காக வரல, தகரத்துக்காக வந்தது. காகிதத்துக்கு அது வந்தது 1904-ஐ ஒட்டி, அமெரிக்காவுல ஐரா ரூபெல்ங்கற அச்சகக்காரர் மெஷின்ல தாள் போகாம ஒரு சுத்து சுத்தினப்ப தாளை அழுத்தற உருளையோட ரப்பர் மேல இங்க் விழுந்து, அடுத்த தாளோட பின்பக்கம் அந்த ரப்பர்ல இருந்து பதிஞ்சுச்சு, அப்படிப் பதிஞ்சது நேரா அடிச்சதை விடத் தெளிவா இருந்துச்சு. ரப்பர் தாளோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி அமுங்கும், பிளேட்டும் தாள்ல உராஞ்சு தேயாது.

உங்க ஊருக்கும் இதுல பங்கு இருக்கு. 1920-கள்ல சிவகாசியில இருந்து கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க, தீப்பெட்டி வந்ததும் அதுக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கும் லேபிள் வேணும், அந்தத் தேவையில வளர்ந்ததுதான் உங்க ஊர் அச்சுத் தொழில்.

படிக்கும்போது ஒண்ணை மட்டும் தனியா கவனிங்க, இங்க் எப்படி காயுது. ஆஃப்செட் இங்க்ல இருக்கற எண்ணெயில ஒரு பங்கை தாள் உறிஞ்சும், அப்புறம் மிச்சம் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து மணிக்கணக்கா இறுகும். அதனாலதான் அடிச்ச தாள் அடுக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க மெல்லிசா பவுடர் தூவறாங்க. அதே இங்க்கை பிவிசி ஷீட்லயோ வெள்ளி ஃபாயில் போர்டுலயோ அடிச்சா உறிஞ்சறதுக்கு ஆளே இல்ல, நாலு நாள் கழிச்சுத் தொட்டாலும் கையில வரும். அங்க யூவி இங்க் போட்டு, புற ஊதா விளக்கு வெளிச்சம் பட்ட கணமே இறுகற மாதிரி பண்ணணும். உங்க ஊர்ல வெயில் காலத்துலயும் ஐப்பசி மழையிலயும் ஒரே தாள் எப்படி நடந்துக்குதுனும் பாருங்க, தாள் ஈரத்தை வாங்கி நாருக்குக் குறுக்கால நீளும், முதல் கலர் ஒரு இடத்துலயும் நாலாவது கலர் கொஞ்சம் தள்ளியும் விழும். காலெண்டர்ல சாமி முகத்துக்கு ஓரமா நீலக் கோடு தெரிஞ்சா காரணத்துல அதுவும் ஒண்ணு.

கேள்வி: போட்டோ மக் அடிக்கற ஹீட் பிரஸ் வாங்கினேன். வீட்டுல இருக்கற சாதா பீங்கான் கப்புல அடிச்சா படம் தேய்ச்சதும் போயிடுது. (புதுச்சேரி வாசகர்)

திருப்பூர் தம்பிக்குச் சொன்ன அதே சப்ளிமேஷன்தான் இதுவும். சாயம் பாலியஸ்டர் மாதிரி பிளாஸ்டிக்குக்குள்ளதான் நுழையும், பீங்கானுக்குள்ள நுழையாது. கடையில சப்ளிமேஷன் மக்னு விக்கறதுல மேல கண்ணுக்குத் தெரியாத பாலிமர் பூச்சு இருக்கும், படம் அந்தப் பூச்சுக்குள்ள போய் உக்காருது. சாதா கப்புல அந்தப் பூச்சு இல்லாததால சாயம் மேலாக்க நின்னு போயிடுது. பூச்சு இருக்கற மக்கையும் இரும்பு நாரால தேய்க்காதீங்க, பூச்சு போனா படமும் சேர்ந்து போகும்.

கேள்வி: ரிட்டர்ன் கிஃப்டா ஸ்டீல் டம்ளரும் பேனாவும் கொடுக்கறோம். பேர் அச்சடிக்கறதா, வெட்டறதா? (தஞ்சாவூர் வாசகி)

பேனாவுக்கு அச்சு போதும்மா. உருண்டையா இருக்கறதால அதுக்கு பேட் பிரிண்டிங்னு ஒண்ணு, தகட்டுல லேசா குழியா இருக்கற எழுத்துல இங்க்கை நிரப்பி, மெத்துனு இருக்கற சிலிக்கான் குமிழ் அதைத் தொட்டு எடுத்து பேனா மேல வைக்கும். குமிழ் வளைஞ்சு கொடுக்கறதால வளைவுலயும் எழுத்து கோணாது.

டம்ளருக்கு அச்சு வேண்டாம். ஸ்டீலுக்குனு ரெண்டு பாகமா கலந்து அடிக்கற எபாக்சி இங்க் இருக்கு, சூட்டுல வாட்டினா நல்லாவே பிடிக்கும், அலமாரியில வைக்கற பொருளுக்கு அது சரி. தினமும் சாம்பலும் நாரும் போட்டுத் தேய்க்கற பாத்திரத்துல கொஞ்ச நாள்ல கீறல் விழுந்து உரிய ஆரம்பிக்கும், வாய் வைச்சுக் குடிக்கற இடத்துல இங்க் இருக்கறதும் நல்லது இல்ல. பாத்திரக் கடையில கை மெஷின் வைச்சு பேர் வெட்டறாங்களே அதுவே போதும், நம்ம பாட்டி பேர் வெட்டின சொம்பு இன்னைக்கும் படிக்கற மாதிரி இருக்கறது அதனாலதான். எண்ணிக்கை அதிகம், எழுத்து எல்லாத்துலயும் ஒரே மாதிரி வேணும்னா லேசர்ல போடச் சொல்லுங்க, கருப்பா நிறம் மட்டும் மாத்தற விதமும் இருக்கு, லேசா குழி பறிக்கற விதமும் இருக்கு. குழி பறிக்கற விதத்தைக் கேளுங்க, விளிம்புல இருந்து ஒரு விரல் கீழ தள்ளிப் போடச் சொல்லுங்க.